அப்பா பற்றவைத்த பெட்டி

கிழக்கே கடல், மேற்கே ரயில் பாதை. இரண்டுக்கும் நடுவே திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தூக்கம் வர வேண்டுமானால், அலைச் சத்தமாவது வேண்டும், வண்டிச் சத்தமாவது வேண்டும். எனக்கு இரண்டுமே கிடைத்தன. பத்திரிகை வேலையாக வெளியூர் போய், அமைதியான ஓட்டல் அறையில் படுத்தேனோ, தொலைந்தது! "என்னவோ குறைகிறதே!" என்று இரவு முழுவதும் புரண்டுகொண்டே இருப்பேன்.

இந்த இரண்டு சத்தங்களில் ஒன்றை, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு உண்டாக்கியவர் எங்கள் அப்பா. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், அதாவது எல்லோரும் ஐ.சி.எப். என்று சொல்கிற இடத்தில், முப்பத்தைந்து வருஷம் வெல்டராக இருந்தார். காலையில் திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறுவார், பேஸின் பிரிட்ஜில் வண்டி மாறுவார், வில்லிவாக்கத்தில் இறங்குவார். மாலையில் அதே வழியாகத் திரும்புவார். ரயிலில் போய், ரயில் பெட்டி செய்துவிட்டு, ரயிலில் வீடு வந்து சேருகிற மனிதர், வீட்டில் வேறு எதைப் பற்றிப் பேசுவார்? நீங்களே சொல்லுங்கள்!

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகளை அவரவர் தகப்பனார் கடற்கரைக்கோ வடிவுடையம்மன் கோயிலுக்கோ அழைத்துப் போவார்கள். எங்கள் அப்பா என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவார். பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, கூடூர்ப் பக்கமிருந்து வரும் எக்ஸ்பிரஸ் வண்டிகளைப் பார்ப்போம். பெட்டியின் பக்கவாட்டில் ஓர் எண் எழுதியிருக்கும் அல்லவா? அதில் முதல் இரண்டு இலக்கங்கள் அந்தப் பெட்டி பிறந்த வருஷத்தைக் குறிக்கும். 85 என்றால் 1985. 89 என்றால் 1989. வண்டி ஓடுகிற ஓட்டத்தில் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் விளையாட்டு.

"எண்பத்தொன்பது! அப்பா, அது என் வயசு!" என்று குதிப்பேன்.

"ஆமாண்டா, உன் தம்பிதான் போறான்" என்பார்.

"அது நீங்க பண்ண பெட்டியாப்பா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் ஒரே பதிலைத்தான் எப்போதும் சொன்னார். "தெரியாதுடா. பார்த்தவுடனே இது என் பெட்டின்னு கண்டுபிடிக்க முடிஞ்சா, நான் வேலையைச் சரியாப் பண்ணலேன்னு அர்த்தம்."

இது என்ன விசித்திரமான பெருமை! மண்பானை செய்கிறவர்கூடத் தம் பானையை அடையாளம் காட்டுவாரே, இவருக்கு மட்டும் ஏன் தெரியாமல் இருக்க வேண்டும் என்று எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பதிலின் பொருள் விளங்க எனக்குப் பல வருஷங்கள் பிடித்தன. நடுவில் ஒரு சண்டையும் போட வேண்டியிருந்தது.

★

சண்டைக்குப் போகும் முன் கொஞ்சம் பழங்கதை.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது எங்கள் பக்கத்து இராயபுரத்திலிருந்துதான். 1856-ம் வருஷம், வாலாஜா ரோடு வரைக்கும், ஏறக்குறைய நூறு கிலோ மீட்டர். அந்த வண்டிக்கான பெட்டிகளைக் கட்டிக்கொடுத்தது சென்னைச் சிம்ஸன் கம்பெனி. குதிரை வண்டிகள் செய்து பேர் வாங்கிய கம்பெனி அது. அன்றைய ரயில் பெட்டி என்பது, தண்டவாளத்தில் ஓடும் சாரட்டு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பிறகு நாடு முழுவதும் எத்தனையோ ரயில்வே கம்பெனிகள் முளைத்தன. ஆளுக்கு ஒரு பெட்டி, ஊருக்கு ஓர் அளவு. கீழே இரும்புச் சட்டம், மேலே மரத்தால் கட்டிய உடல் என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். ஓடுகிற வரைக்கும் கவலை இல்லை. இரண்டு வண்டி மோதிக்கொண்டால் வந்தது வினை. ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குள், தீப்பெட்டிக்குள் தீப்பெட்டி நுழைகிற மாதிரி, நுழைந்துவிடும். உள்ளே இருந்தவர்களின் கதியைச் சொல்ல வேண்டாம்.

சுதந்திரம் வந்தபின், எல்லா ரயில்வேக்களையும் ஒன்றாக்கி மண்டலங்களாகப் பிரித்தார்கள். 1951-ல் தெற்கு ரயில்வே பிறந்தது. ரயில்வே ஒன்றாகிவிட்டது; பெட்டியும் ஒன்றாக வேண்டாமா? ஸ்விட்ஸர்லாந்தில் ஸூரிச் நகரத்துக்குப் பக்கத்தில் ஷ்லீரன் என்ற ஊரில் இருந்த கம்பெனியின் வடிவத்தை வாங்கி, பெரம்பூரில் தொழிற்சாலை எழுப்பினார்கள். 1955 அக்டோபர் 2-ம் தேதி பண்டித நேரு அதைத் திறந்துவைத்தார்.

அந்த வடிவத்தின் சூட்சுமத்தை அப்பா எனக்கு ஒரு பிஸ்கட் தகர டப்பாவை வைத்து விளக்கியிருக்கிறார். மூடியைக் கழற்றிவிட்டு டப்பாவின் பக்கத்தை அழுத்தினால் வளைகிறது. மூடியோடு அழுத்தினால் வளைய மறுக்கிறது. அடித்தளம், பக்கச் சுவர், கூரை, முனைச் சுவர் எல்லாம் ஒரே கூடாகச் சேர்ந்து பாரத்தைத் தாங்குகின்றன. முழுவதும் எஃகு. மோதினாலும் ஒன்றுக்குள் ஒன்று நுழையாது.

ஆனால் ஒரு நல்ல பெட்டி செய்வது பெரிதில்லை. ஆயிரமாவது பெட்டியும் முதல் பெட்டியைப் போலவே இருக்க வேண்டும். அதற்குத்தான் "ஜிக்" என்கிற பெரிய இரும்புச் சட்டம். தகடுகளை அதில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டு பற்றவைப்பார்கள். சூட்டில் தகடு நெளியப் பார்க்கும், ஜிக் விடாது. பற்றவைக்கிறவர் சோம்பினாலும் அவசரப்பட்டாலும், அளவு பார்க்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். எங்கள் வீட்டில் அம்மா முறுக்கு பிழியும்போதுகூட, "ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது. ஜிக் இல்லையா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார் அப்பா!

★

இப்போது சண்டை.

2018 ஜனவரியில், பெரம்பூரில் அந்தப் பழைய வடிவத்தின் கடைசிப் பெட்டி வெளியே வந்தது. அறுபத்திரண்டு வருஷங்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள்! இனி எல்லாம் ஜெர்மானிய வடிவம். லிங்கே-ஹோஃப்மன்-புஷ் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட கம்பெனியின் வடிவம் அது, சுருக்கமாக எல்.எச்.பி. 2000-ஐ ஒட்டி முதலில் அங்கிருந்து வந்து இறங்கின. பிறகு பஞ்சாபில் கபுர்தலாவிலும், அப்புறம் பெரம்பூரிலும் செய்யலானார்கள்.

நான் அப்போது ஒரு பத்திரிகையில் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கையில் பேனா துடித்துக்கொண்டிருந்த காலம். ஆசிரியர் கேட்டார், நான் எழுதினேன். புதுப் பெட்டி ஏறக்குறைய இரண்டு மீட்டர் கூடுதல் நீளம், தூங்கும் வகுப்பில் 72 பேருக்குப் பதில் 80 பேர் படுக்கலாம், துருப்பிடிக்காத எஃகு, மணிக்கு 160 கிலோ மீட்டர் வேகம் தாங்கும். எல்லாவற்றிலும் முக்கியம், பெட்டிகளை இணைக்கும் கொக்கி. பழைய பெட்டியில் நடுவில் திருகு கொக்கி, இரு பக்கமும் இடிதாங்கிகள். வண்டி மோதும்போது இடிதாங்கி நழுவி, ஒரு பெட்டி அடுத்ததன் தலைமேல் ஏறிவிடும். 1998-ல் பஞ்சாபில் கன்னா என்ற ஊருக்கு அருகே இரண்டு வண்டிகள் மோதி 200-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். புதுப் பெட்டியின் நடுக்கொக்கி பெட்டிகளை இறுகப் பிடித்து, மேலே ஏறவிடாமல் தடுக்கும்.

இவ்வளவும் சரிதான். ஆனால் கட்டுரையை முடிக்கும்போது ஒரு வாக்கியம் போட்டேன்: "இத்தனை காலம் ஆபத்தான பெட்டிகளில் பயணம் செய்தோம், இனி அந்தக் கவலை இல்லை."

அப்பா பத்திரிகையை முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அந்த ஒரு வரியை மட்டும் இன்னொரு தடவை படித்தார். பிறகு பத்திரிகையை நாலாக மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னோடு உட்காரவில்லை. அடுத்த நாளும் உட்காரவில்லை.

"என்னடா எழுதித் தொலைச்சே?" என்றாள் அம்மா. "மனுஷர் வாயே திறக்க மாட்டேங்கிறார். முறுக்கைக்கூடக் குத்தம் சொல்லலே."

நிலைமை முற்றிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

★

மூன்றாம் நாள், இராயபுரம் ஸ்டேஷனைப் பார்த்து எழுத வேண்டிய வேலை வந்தது. "அப்பாவையும் கூட்டிண்டு போ" என்று அம்மா தூது ஏற்பாடு செய்தாள். உயரமான தூண்களுடன் நிற்கும் அந்தப் பழைய கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிளாட்பாரத்தில் உட்கார்ந்தோம். துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. பேச்சைத் தொடங்குவதற்காக, நான் படித்திருந்த ஐரோப்பியக் கதையை எடுத்துவிட்டேன்.

"அப்பா, ஐரோப்பாவிலே இதைவிடக் கஷ்டம். ஒரே வண்டி நாலு தேசம் தாண்டணும். ஜெர்மனியிலே ஒரு மின்சாரம், இத்தாலியிலே வேறே மின்சாரம், பிரான்ஸிலே இன்னும் ரெண்டு விதம். குளிர் தேசமாச்சே, எல்லை தாண்டினதும் பெட்டியிலே கணப்பு அணைஞ்சுபோனா ஜனங்க விறைச்சுப் போவாங்க. அதனாலே ஒரு தேசத்துப் பெட்டி அடுத்த தேசத்துக்குள்ளே போறதுக்கு என்னென்ன இருக்கணும்னு 1920-களிலேயே ஒப்பந்தம் போட்டாங்க. ஒத்துவர்ற பெட்டிமேலே ஓர் அடையாளம் எழுதியிருக்கும். ஜன்னலுக்குக் கீழே, வெளியே சாயாதீங்கன்னு மூணு நாலு பாஷையிலே எச்சரிக்கை!"

"நம்ம பெட்டியிலேயும் மூணு பாஷை உண்டே" என்றார் அப்பா. மூன்று நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை!

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. 1956-ல் பல தேசத்து ரயில்வேக்கள் சேர்ந்து, ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரில் யூரோஃபிமா என்ற நிறுவனத்தை ஏற்படுத்தியதைச் சொன்னேன். கூட்டாகக் கடன் வாங்கி, வண்டிகள் வாங்குவதற்காக ஏற்பட்டது அது. 1970-களில் ஆஸ்திரியா, பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்விட்ஸர்லாந்து ஆகிய ஆறு தேசங்கள் ஒரே வடிவத்தில் 500 பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தன. 26.4 மீட்டர் நீளம், குளிர்சாதன வசதி, எந்த தேசத்து மின்சாரத்தையும் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு.

"அஞ்நூறா?" என்றார் அப்பா. அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஆறு தேசம் கூடி அஞ்நூறு. சரி, அந்தப் பெட்டியை எப்படி இணைக்கிறாங்க?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னேன். "திருகு கொக்கி. ரெண்டு பக்கமும் இடிதாங்கி."

"அதாவது நான் பண்ண அதே மாதிரி."

"ஆமாம்."

"ஏன் மாத்தலே?"

"மாத்தப் பார்த்தாங்க. 1960-களிலேயும் 70-களிலேயும் ஐரோப்பா முழுக்க ஒரே தானியங்கிக் கொக்கி வைக்கத் திட்டம் போட்டாங்க. ஒரு தேசம் மட்டும் மாத்தினா அதோட பெட்டி அடுத்த தேசத்துப் பெட்டியோட சேராது. எல்லாரும் ஒரே சமயத்திலே மாத்தணும். முடியாமப் போச்சு."

அப்பா தலையை ஆட்டினார். "அதேதான் இங்கேயும். ஓடற பெட்டி அத்தனையிலேயும் ஒரே கொக்கி. புதுசா ஒண்ணு வந்தா, அது பழசோட சேராது. ரெண்டையும் கோர்க்கணும்னா நடுவிலே வேறே ஏற்பாடு வேணும். நீ எழுதினது பொய்யில்லேடா. புதுப் பெட்டி நல்ல பெட்டிதான். அது ஏறாது, எங்க பெட்டி ஏறும். ஆனா எங்க பெட்டி எதுக்குப் பதிலா வந்தது தெரியுமோ? மரப் பெட்டிக்குப் பதிலா. 1955-லே அதுதான் காப்பாத்துற பெட்டி. அதை நீ எழுதலே. 'ஆபத்தான பெட்டி'ன்னு ஒரு வார்த்தை போட்டுட்டே. முப்பத்தஞ்சு வருஷம் நாங்க எல்லாரும் தெரிஞ்சே ஜனங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடுத்து."

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. என் வாக்கியத்தில் தகவல் பிழை இல்லை. நியாயப் பிழை இருந்தது.

ஆனால் நான் பத்திரிகைக்காரன். ஒன்றைக் கேட்காமலும் இருக்க முடியவில்லை. "அப்பா, எல்லாம் ஒரே அளவுன்னா, நல்லது ஐம்பதாயிரம் தடவை நடக்கும், சரி. ஒரு குறை இருந்தா அதுவும் ஐம்பதாயிரம் தடவை நடக்குமே? 2012-லேயே அனில் ககோட்கர் கமிட்டி, பழைய வடிவத்தை நிறுத்திட்டுப் புதுசுக்கு மாறணும்னு சொல்லியாச்சு. அதுக்கப்புறமும் ஆறு வருஷம் ஆயிருக்கே?"

அப்பா வெகு நேரம் பதில் சொல்லவில்லை. எதிர்த் தண்டவாளத்தில் ஒரு மின்சார ரயில் வந்து நின்று, கிளம்பிப் போயிற்று.

"அது உன் கேள்வி. அதை எழுது" என்றார்.

அன்று இரவு நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.

★

கதை இத்துடன் முடிந்திருக்கலாம், முடியவில்லை.

2023 ஜூன் 2-ம் தேதி மாலை, ஒடிசாவில் பாலேஸ்வர் மாவட்டத்துப் பாஹாநகா பஜார் ஸ்டேஷனில், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒரு சரக்கு வண்டி மீது மோதியது. தடம் புரண்ட பெட்டிகள் எதிரே சென்ற இன்னொரு வண்டியின்மீதும் இடித்தன. 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வண்டி தினந்தோறும் எங்கள் திருவொற்றியூரைத் தாண்டித்தான் சென்ட்ரலுக்குப் போகும். மறுநாள் சாயங்காலம் அது வர வேண்டிய வேளையில், அப்பா திண்ணையில் உட்கார்ந்து தண்டவாளப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது எல்.எச்.பி. பெட்டிகள் கொண்ட வண்டி. நான் புகழ்ந்து எழுதிய, ஒன்றின்மேல் ஒன்று ஏறாத பெட்டிகள். "இனி அந்தக் கவலை இல்லை" என்று முடித்தேனே, அந்த வரி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"புதுப் பெட்டியும் காப்பாத்தலையே, அப்பா" என்றேன்.

அப்பா "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பெட்டியைத் திட்டாதே" என்றார். "அந்த வேகத்திலே, நின்னுக்கிட்டிருக்கிற சரக்கு வண்டிமேலே போய் இடிச்சா, பெட்டி என்ன பண்ணும்? அதாலே முடிஞ்சதைப் பண்ணியிருக்கும். மோதினப்புறம்தான் பெட்டியோட வேலை. மோதாமப் பார்த்துக்கிறது வேறே ஆளோட வேலை."

பின்னால் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, சிக்னல் கம்பி இணைப்பில் முன்பே நேர்ந்திருந்த பிழையைச் சுட்டிக்காட்டியது. நேர்ப் பாதையில் போக வேண்டிய வண்டிக்குப் பச்சை விளக்குக் காட்டிவிட்டு, பக்கப் பாதையில் திருப்பிவிட்டிருந்தது. இரண்டு வண்டிகள் மோதாமல் தடுக்கும் "கவச்" என்ற சாதனம் அந்தப் பாதையில் அப்போது பொருத்தப்படவில்லை.

செய்தியைப் படித்துக்காட்டியபோது அப்பா கேட்டது ஒன்றுதான்: "கம்பி இணைக்கிறவனுக்கு ஜிக் கிடையாதா?"

சிரிக்க முடியாத வேடிக்கை அது. பெட்டி செய்கிற இடத்தில் மனிதனுடைய அவசரத்தையும் அயர்வையும் பிடித்து நிறுத்த ஓர் இரும்புச் சட்டம் இருக்கிறது. கம்பி இணைக்கிற இடத்தில் என்ன இருக்கிறது? எழுதிவைத்த விதி இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, இணைத்தபின் சோதிக்க வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. அவைதான் அங்கே ஜிக். ஆனால் இரும்பு ஜிக்கைத் தாண்டிப் போக முடியாது. காகித ஜிக்கைத் தாண்டிப் போகலாம்.

சின்ன வயதில் புரியாத பதில் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. தம் பெட்டியை அடையாளம் காண முடியவில்லை என்று அப்பா சொன்னது வருத்தமில்லை. அவர் கைப்பட்ட பெட்டியில் ஏறினவருக்கும், வேறொருவர் கைப்பட்ட பெட்டியில் ஏறினவருக்கும் ஒரே பாதுகாப்புக் கிடைத்தது என்கிற திருப்தி அது.

★

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா என்னுடைய பெண்ணை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். எக்ஸ்பிரஸ் வண்டிகளில் இப்போது எங்கு பார்த்தாலும் எல்.எச்.பி. மயம், பழைய பெட்டிகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன. குழந்தை எண்களைப் படித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு நீண்ட வண்டி மெதுவாக வந்தது. பழைய பெரம்பூர்ப் பெட்டிகள்தான். ஆனால் ஜன்னல்களையெல்லாம் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே ஆசனம் கிடையாது, படுக்கை கிடையாது. ஜனங்களைச் சுமந்து வயதான பெட்டிகளை இப்படி மாற்றி, புதுக் கார்களை ஏற்றிச் செல்லப் பயன்படுத்துகிறார்கள்.

"தாத்தா, இதுல ஜன்னலே இல்லையே!"

"ரிடயர் ஆன பெட்டிடா கண்ணு" என்றார் அப்பா. "சும்மா இருக்கப் பிடிக்காம வேறே வேலைக்குப் போறாங்க."

"இது நீங்க பண்ணதா தாத்தா?"

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடைசிப் பெட்டி எண்ணூர்ப் பக்கம் வளைந்து மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதும்மா" என்றார்.